பூங்காவின் மூலையில் ஒரு கடி

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் மாகிரட் நடத்திவந்த துப்பறியும் நிலையத்தின் வாசலில் ‘தையல் வகுப்பு’ என்று பலகை தொங்கியது. அவளிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்கள். கட்டாரில் அவர் உண்மையாகவே சுப்பர்வைசர்தானா, பின்னேரங்களில் குடிப்பாரா, முன்னர் எங்கேயாவது பேசி முறிந்ததா என்றெல்லாம் அறிய ஆசைப்படுகிறவர்கள், அப்படி ஆசைப்பட்டது வெளியே தெரிவதை விரும்புவதில்லை. பலகையை நம்பி உண்மையாகவே தைக்கப் பழக ஒருத்தி வந்தாள். அவளும் போகும்போது ஒரு மாப்பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

மாகிரட்டின் உதவியாளர் ஸாஜித் முன்னர் காப்புறுதி விற்றவர். எந்த வீட்டுக் கதவையும் திறக்கச் செய்யும் கலை அவரிடம் இருந்தது. திறந்தவர்கள் ஏன் திறந்தோம் என்று வருந்தும்படி கதைக்கும் கலையும் இருந்தது.

அன்று பின்னேரம் மூதூரிலிருந்து வந்து சேர்ந்த லைலா தைக்கவும் வரவில்லை, மாப்பிள்ளை விசாரிக்கவும் வரவில்லை. வரைபடத்தில் கீறிய ஒரு கோட்டை விசாரிக்க வந்திருந்தாள்.

அவள் கணித ஆசிரியை. பின்னேரங்களில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறவள். பழக்கும் இடம் ஊர்ப் பூங்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சிமெந்துத் தரை. ஊரில் பெண் பிள்ளைகள் ஓடி விளையாட வேறு தரை இல்லை. பாடசாலை மைதானத்தில் கிரிக்கெட் பிட்ச்சை மிதித்தால் கொலை விழும். இப்போது அந்த மூலையில் ‘எழில் மன்றம்’ என்ற அமைப்பு ஒரு கௌரவிப்பு மண்டபம் கட்டப் போகிறது.

அங்கே என்ன நடக்கும் என்று ஸாஜித் கேட்டார். ஊர்ப் பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள் என்றாள் லைலா. இதுவரை எங்கே போர்த்தினார்கள் என்று கேட்டார். பாடசாலை மண்டபத்தில் என்றாள்.

“அப்ப பாடசாலை எங்க நடந்தது?”

“அவங்க போர்த்தி முடியும் வரைக்கும் மரத்துக்குக் கீழ, நாநா.”

பூங்காவுக்குள் எப்படி மண்டபம் கட்டலாம் என்று மாகிரட் கேட்டபோதுதான் கோட்டின் கதை வந்தது. அந்த மூலை பூங்காவே இல்லையாம். மன்றத்தின் தலைவர் அபூதாஹிர் வெள்ளைக்காரன் காலத்து நில அளவைப் படமொன்றைப் பிரதேச சபையில் காட்டியிருந்தார். அதில் பூங்காவின் எல்லை அந்த மூலையை வெளியே விட்டுவிட்டுப் போகிறது. சபையும் நியாயமாகவே நடந்துகொண்டது: வேறு படம் உள்ளவர்கள் நாளை மறுநாள் காலை பத்து மணிக்குக் கொண்டுவரலாம், இல்லாவிட்டால் மன்றம் வேலையைத் தொடங்கலாம்.

லைலாவிடம் படம் இருந்தது. அவளும் இன்னும் ஏழு பேரும் மூன்று வருடமாக ஊர் முழுவதையும் இணையத்தில் கீறி வருகிறார்கள். யாரும் பார்க்கலாம், யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்ற வகைப் படம். அதில் மூலை பூங்காவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் சபையில், அந்தக் கோட்டுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். ஊருக்கே தெரியும் என்று சொன்னாள். ஊருக்கே தெரிந்த விஷயம் ஆதாரமாகாது. ஒருவருக்கும் தெரியாத விஷயம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தால் அது ஆதாரம்.

ஆகவே அவள் ஆதாரம் தேடிப் புறப்பட்டாள். விலைக்கு விற்கும் படங்களை வாங்கிப் பார்க்கலாம், ஆனால் இன்னொருவருக்குக் காட்டக் கூடாது. கைத்தொலைபேசியில் எல்லோரும் வழி பார்க்கும் கம்பனிப் படத்தைப் பார்த்துக் கீறுவதும் களவு. கடைசியில் எழில் மன்றத்திடமே போய் அவர்களுடைய பழைய படத்தையாவது பிரதி எடுக்கக் கேட்டாள். அது திறந்த தரவு, எல்லோருக்கும் பொதுவான சொத்து, ஆகவே தொடக்கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாகிரட் கதிரையில் சாய்ந்தாள்.

“அந்தப் படத்தைப் பெத்தவர் யார் எண்டு யாரும் கேட்டதா?”

“கேக்கல்ல மிஸ். சட்டம் போட்டிருந்தது.”

“கோட்டுச் சூட்டுப் போட்ட மாப்பிள்ளை மாதிரி. நாங்கள் முதல்ல தாய் தகப்பனை விசாரிப்பம்.”

*

மறுநாள் காலை கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போதே மாகிரட் அபூதாஹிருக்குத் தொலைபேசி எடுத்து, மாவட்டத்தில் பொதுவேலை செய்கிறவர்களைப் பற்றி விபரம் திரட்டுவதாகச் சொன்னாள். அது பொய்யில்லை. துப்பறிகிறவள் வேறென்ன செய்கிறாள்? அவர்கள் போய் இறங்கியபோது மன்றத்தின் வாசலில் இரண்டு தட்டு வட்டிலப்பம் காத்திருந்தது.

தேசகீர்த்தி, சமூகஜோதி அபூதாஹிர், ஜே.பி. பட்டங்கள் ஒரு பக்கத்தில் அடங்காததால் அவருடைய விசிட்டிங் காட் மடித்து அச்சிடப்பட்டிருந்தது. கண்ணாடி அலுமாரியில் பொன்னாடைகள் நிறவாரியாக அடுக்கியிருந்தன. அவற்றில் சிலவற்றை அவரே வாங்கிக்கொடுத்துப் போர்த்துவித்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. மூன்றாம் முறை அதே ஊதாப் பொன்னாடை வந்தபோதுதான் கதை பிறந்தது.

அறையின் ஒரு பக்கத்தில் ‘திறந்த தரவு மூலை’ என்று பித்தளையில் எழுதியிருந்தது. போன வருடம் நாடா வெட்டித் திறந்தார்கள். பிளாஸ்டிக் உறை கழற்றாத கணினி ஒன்றும், பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி ஒன்றும், சட்டம் போட்ட பாதி நாடாவும் அங்கே இருந்தன. அலுமாரி ஏன் பூட்டியிருக்கிறது என்று மாகிரட் விசாரித்தாள்.

“திறந்த தரவு எண்டா பெறுமதியான சாமான் மிஸ்,” என்றார் அபூதாஹிர். “பூட்டாம வச்சா கண்டவனும் எடுத்துப் போட்டுருவான்.”

அலுமாரிக்கு மேலே, கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டிய உயரத்தில், படம் தொங்கியது. பழுப்பேறிய கடதாசி. ஓரங்கள் கறுத்திருந்தன. படம் எடுக்கத் தடை என்று கீழே எழுதியிருந்ததால் மாகிரட் கண்ணாலேயே எடுத்துக்கொண்டாள். பூங்கா ஒரு நீள்சதுரம். வடகிழக்கு மூலையில் அதைவிடச் சின்னதாக இன்னொரு நீள்சதுரம் வெட்டுப்பட்டிருந்தது. ஆனால் வெட்டின் கீழ்க்கோடு நேராகப் போகவில்லை. நடுவில் அரைவட்டமாக மேலே வளைந்து, பிறகு இறங்கி நேராகிறது. யாரோ பிஸ்கட்டின் மூலையைக் கடித்ததுபோலவும், கடித்தவருக்கு முன்பல் ஒன்று இல்லாததுபோலவும் இருந்தது.

அந்த வளைவு என்ன என்று கேட்டாள்.

அபூதாஹிர் குரலைத் தாழ்த்தினார். படத்தை அளந்த வெள்ளைக்காரச் சேர்வேயர் குதிரையில் வந்தவராம். எல்லை முழுவதையும் சங்கிலி போட்டு, தன் காலால் நடந்து அளந்தாராம். “வெள்ளைக்காரன் காரணம் இல்லாம வளைய மாட்டான்,” என்று முடித்தார்.

ஸாஜித் படத்தை வேறு காரணத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஓர் எறும்பு வரிசை புறப்பட்டுச் சுவரில் ஏறி, சட்டத்தின் கீழ்மூலையால் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“ஹாஜியார், உங்கட படத்துக்கு வாசகர் கூட்டம் நல்லா இருக்கு,” என்றார்.

வெளியே வந்ததும் மாகிரட் அதையே கேட்டாள். நூறு வருடத்துக் கடதாசியில் எறும்புக்கு என்ன வேலை?

“புதுக் கடதாசியைத் தேத்தண்ணியில நனைச்சுக் காயவச்சா பழசாப் போகும் மிஸ். என்ர மச்சான் ஒருத்தன் காணி உறுதிக்கு அப்படிச் செய்து உள்ள போனவன். ஆனா அவன் வெறுந் தேத்தண்ணியில செய்தவன்.”

“இவர்?”

“இவர் மன்றத்துக் குசினியில சொல்லி விட்டிருப்பார், தேத்தண்ணி கொண்டு வாங்கோ எண்டு. மூதூரில சீனி போடாம யார் கொண்டு வருவாங்க?”

மாகிரட் சிரித்தாள். ஆனால் சிரிப்பு அதிக தூரம் போகவில்லை. எறும்பைச் சபைக்குச் சாட்சியாகக் கூட்டிப் போக முடியாது. திறப்பு விழாவில் தேநீர் சிந்தியது என்று ஒரு வார்த்தை சொன்னால் அபூதாஹிர் தப்பிவிடுவார். கடதாசி புதியது என்று தெரிந்துவிட்டது. கோடு எங்கே பிறந்தது என்பது இன்னும் தெரியவில்லை. கற்பனையில் கீறுகிறவர் நேராகத்தான் கீறியிருப்பார். அந்த வளைவை எவரோ எதையோ பார்த்துத்தான் கீறியிருக்க வேண்டும்.

*

பூங்காவில் லைலா அவர்களுக்காகக் காத்திருந்தாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அறுவடை முடிந்து ஒரு மழையும் பெய்து ஓய்ந்த காலம். வலைப்பந்துத் தரையின் ஒரு பக்கம் உடைந்து கிடந்தது. வெடிப்புகளில் பச்சைப் பசேலென்று ஏதோ முளைத்திருந்தது. ஸாஜித் குனிந்து ஒன்றைப் பிடுங்கினார்.

“நெல்லு மிஸ். இந்தக் கோர்ட்டுக்கு உரமானியம் கேட்கலாம்.”

மாகிரட் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தரையின் தெற்கு ஓரத்தில் ஒரு வாகை மரம் நின்றது. அதன் அடியில் பதித்திருந்த கல்லைக் குனிந்து வாசித்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று ஸாஜித் கேட்டதற்கு, பிறகு சொல்கிறேன் என்றாள். பின்பு படத்தை மனதில் விரித்து, வளைவு தொடங்கும் இடத்தில் ஸாஜித்தை நிற்கச் சொன்னாள். அவர் நின்றார். வளைவின் உச்சிக்குப் போகச் சொன்னாள். போனார். மறுபக்கத்தால் இறங்கச் சொன்னாள்.

“எப்படி இருக்கு?”

“நல்ல சுகமா இருக்கு மிஸ். நீங்க நிற்கச் சொன்ன இடமெல்லாம் நிழல்.”

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் மாகிரட் அப்படியே நின்றுவிட்டாள். மரத்தின் நிழல் தரைக்குள் அரைவட்டமாக விழுந்திருந்தது. ஸாஜித் அதன் விளிம்பிலேயே நடந்து வந்திருந்தார்.

“லைலா, இந்தத் தரையில நெல் காயப்போடுறவங்களா?”

“அறுவடை நேரம் எல்லாரும்தான் மிஸ். எங்கட வீட்டிலயும். றோட்டில போட்டா பஸ் ஏத்திருவான்.”

“தரை முழுக்கப் போடுவீங்களா?”

“நிழல் விழுற இடத்தில போட மாட்டம். காயாதே.”

சொன்ன பிறகு லைலாவும் அப்படியே நின்றுவிட்டாள்.

வானத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று மூவரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள். மூலையில் மஞ்சளாக ஒரு நீள்சதுரம். யார் பார்த்தாலும் அறுத்த வயல் என்பார்கள். அதற்குள் கருமையாக ஓர் அரைவட்டம். அது புல்லும் மரமும், ஆகவே பூங்கா. மஞ்சளை வெளியே விட்டு, கருமையை உள்ளே எடுத்து ஒரு கோடு கீறினால், முன்பல் இல்லாத ஒருவர் கடித்த பிஸ்கட் கிடைக்கும்.

வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் கோடு கீறுகிறவர்கள் இந்த ஊரில் யார் என்று மாகிரட் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

லைலா கைத்தொலைபேசியை எடுத்தாள். அவர்களுடைய படத்தில் எந்தக் கோடும் அழிந்து போவதில்லை. திருத்தினால் பழையது அடியில் போய்ப் படுத்திருக்கும், யார் கீறினார், எப்போது கீறினார் என்பதோடு. அவள் பூங்காவின் அடியில் தோண்டிக்கொண்டே போனாள். பிறகு தொலைபேசியை மாகிரட்டிடம் நீட்டிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தாள்.

கோடு அவளுடையது. அவள் வரைபடம் கீறப் பழகிய முதல் நாள், திருகோணமலை ஹொட்டேல் ஒன்றில் நடந்த பயிற்சிப் பட்டறை. பகல் சாப்பாட்டுக்கு முன்னர் அதிகம் கீறி முடிப்பவருக்குப் பட்டறையின் பெயர் போட்ட ரீ-சேட் தருவதாகச் சொன்னார்கள். அவள் அவசரத்தில் ஊரைக் கீறித் தள்ளி ரீ-சேட்டை வென்றாள். பின்னர் ஒருநாள் பிழையைக் கண்டு திருத்தியும்விட்டாள். அப்படி நூற்றுக்கணக்கில் திருத்தியதால் இது நினைவில் நிற்கவில்லை. இரண்டுக்கும் இடையில் அபூதாஹிர் பிழையைத் தரவிறக்கி, அச்சடித்து, சீனி போட்டுவிட்டார்.

“ஆக, கள்ளன் எடுத்த சாமான் எங்கட வீட்டுச் சாமான்,” என்றார் ஸாஜித். “அதுவும் பழுதான சாமான்.”

லைலா நிமிரவில்லை.

“நான் எழும்பி அது என்ர பிழை எண்டு சொன்னா அவர் என்ன சொல்லுவார் மிஸ்? முழுப் படமும் பிழை எண்டு சொல்லுவார். ஆசுபத்திரிக்கு வழி, வெள்ளம் வாற வாய்க்கால், எல்லாம் எட்டுப் பேர் மூண்டு வருசம் நடந்து கீறினது. சொல்லாட்டிப் பிள்ளைகளுக்குத் தரை இல்ல.”

மாகிரட் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மாப்பிள்ளையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுறதுதான் என்ர வேலை, லைலா. கட்டுறதா விடுறதா எண்டு நான் சொல்லுறேல்ல.”

*

சபை கூடிய காலையில் அபூதாஹிர் படத்தைப் பொன்னாடையில் சுற்றிக் கொண்டுவந்தார். ஊதா நிறம். பத்து மணிக்கு முடிவு தெரியும் என்பதால், பத்து மணிக்கே கொங்கிரீட் குழைக்கத் தொடங்குமாறு பூங்காவில் மேசன்மாருக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கௌரவிக்கப்படப் போகிறவர்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்ப்பு உண்டா என்று தவிசாளர் கேட்டார். லைலா எழுந்தாள்.

“அந்தச் சட்டத்துக்குள்ள இருக்கிற கோடு நான் கீறினது, சேர். வளைவும் என்ர. அது பிழை. நான்தான் பிழை விட்டனான்.”

மண்டபம் சலசலத்தது. தன் பழைய கோட்டின் பிரதியைத் தவிசாளரிடம் கொடுத்தாள். அவர் சட்டத்தையும் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை.

அபூதாஹிர் தளர்வார் என்று ஸாஜித் எதிர்பார்த்தார். அவரோ மலர்ந்து எழுந்தார்.

“இதைவிட வேற சாட்சி வேணுமா?” என்று முன்வரிசையைப் பார்த்துக் கேட்டார். அன்று ஒரு வெள்ளைக்காரன் தன் காலால் நடந்து கண்ட அதே எல்லையை, இன்று நம்முடைய ஒரு மகள், அந்தப் படத்தைக் காணாமலே, தன் கையால் கீறியிருக்கிறாள். உண்மை எப்போதும் ஒன்றுதான். பிறகு யாரோ சொல்லித்தான் பிள்ளை மாற்றியிருக்கிறாள். முன்வரிசை கைதட்டியது. தவிசாளர்கூட மெல்லத் தலையாட்டினார். லைலா உட்கார மறந்து நின்றாள்.

மாகிரட் எழுந்து ஒரு சின்ன விபரம் கேட்கலாமா என்றாள். விருதுக்கு விபரம் திரட்டுகிறவள் என்று நினைத்திருந்த அபூதாஹிர் தாராளமாக அனுமதித்தார்.

“அந்த மூலையில ஒரு வாகை மரம் நிக்குது. நல்ல நிழல். அது யார் நாட்டினது?”

இந்தக் கேள்விக்காகவே அவர் பல வருடங்களாகக் காத்திருந்ததுபோல இருந்தது. அவர்தான் நாட்டினார். சுனாமிக்குப் பிறகு, சுற்றாடல் தினத்தில். பாண்ட் வாத்தியம் வந்தது. அதற்கு முன் அந்த மூலை வெறும் மணல். ஒரு செடி கிடையாது, ஓர் ஆள் ஒதுங்க நிழல் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அப்படித்தான் என்று வயதானவர்கள் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார். கல்லில் பெயர் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்றார்.

“பார்த்தனான்,” என்றாள் மாகிரட்.

அவள் மேசையில் வைத்த மூன்றாவது படம், லைலா எதன் மேல் கோடு கீறினாளோ அந்த வான்படம். மஞ்சள் நீள்சதுரம் காயப்போட்ட நெல். கருமையான அரைவட்டம் அபூதாஹிரின் மரத்து நிழல். கோடு நிழலின் விளிம்பைத் தடவிக்கொண்டு போனது. தவிசாளர் நீண்ட நேரம் குனிந்து பார்த்தார்.

“அப்ப வெள்ளைக்காரச் சேர்வேயர்,” என்றார் மெதுவாக, “நீங்கள் நாட்டப் போற மரத்தின்ர நிழலைச் சுத்தி அளந்திருக்கிறார்.”

“தீர்க்கதரிசி,” என்றார் ஸாஜித். “அவருக்கும் ஒண்டு போர்த்த வேணும்.”

முன்வரிசையில் முதலில் சிரித்தவர், புது மண்டபத்தில் முதலாவதாகக் கௌரவிக்கப்பட இருந்தவர்.

அபூதாஹிர் கடைசியாக ஒன்று செய்து பார்த்தார். பிழை விட்டதாகப் பிள்ளையே ஒப்புக்கொண்டாள், அப்படியானால் அவர்களுடைய படத்தை இனி யார் நம்புவது என்று கேட்டார். லைலா பயந்த கேள்வி அதுதான். தவிசாளர் அவளுடைய பழைய கோட்டையும் திருத்திய கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பிழையையும் வச்சு, திருத்தினதையும் வச்சு, யார் விட்டது எண்டும் வச்சிருக்கிறாங்க,” என்றார். “எங்கட கூட்ட அறிக்கையில கூட அது இல்ல.”

முறையான சேர்வேயர் வந்து அளக்கும்வரை மூலையில் யாரும் கைவைக்கக் கூடாது என்று தீர்மானமானது. அதுவரை லைலாவின் ஆட்கள் எல்லையைச் சுற்றி நடந்து பதிந்து தரவேண்டும். அது எல்லோருக்கும் பொதுவாக இருக்கவேண்டும்.

*

தீர்மானத்தை மேசன்மாருக்கு யாரும் சொல்லவில்லை. எல்லோரும் பூங்காவுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு குவியல் கொங்கிரீட் குழைந்து தயாராக இருந்தது. எங்கே கொட்டுவது என்று மேசன் கேட்டார். குழைத்த கொங்கிரீட் சேர்வேயருக்காகக் காத்திருக்காது; இன்னும் கொஞ்ச நேரத்தில் அது நின்ற இடத்திலேயே மண்டபமாகிவிடும்.

லைலா தரையின் உடைந்த பக்கத்தைக் காட்டினாள்.

அபூதாஹிர் அரை நிமிடம் யோசித்தார். பிறகு, பெண் பிள்ளைகளின் விளையாட்டுக்குத் தாம் எப்போதும் செய்துவரும் சேவையின் தொடர்ச்சியாக இந்தக் கொங்கிரீட்டை அன்பளிப்புச் செய்வதாக அறிவித்தார். படப்பிடிப்பாளரைக் கூப்பிட்டார். வெடிப்புகளில் முளைத்திருந்த நெல்லைப் பிள்ளைகள் பிடுங்கி எறிந்தார்கள். மேசன்மார் கொட்டிப் பரவி, கண்ணாடிபோல மட்டம் தட்டினார்கள். லைலா சபையிலிருந்து வந்த பிறகு முதல் முறையாக மூச்சை முழுதாக விட்டாள்.

மரமும் தானும் ஒரே படத்தில் விழவேண்டும் என்று அபூதாஹிர் ஆசைப்பட்டார். கொஞ்சம் பின்னால் போகச் சொன்னார் படப்பிடிப்பாளர். போனார். இன்னும் கொஞ்சம் என்றார். அவருடைய பளபளத்த சப்பாத்து ஈரக் கொங்கிரீட்டில் குதிகால்வரை இறங்கியது.

மேசன் முணுமுணுத்துக்கொண்டு, தேய்த்து விடுவதற்குப் பலகையை எடுத்தார். லைலா அவர் கையைத் தடுத்தாள்.

“விடுங்க மேசன். அது ஹாஜியார் தன்ர காலால நடந்து பதிஞ்சது. அதை நாங்க படத்தில போடலாம்.”